மூளைக்கு விலை பேசுவோரும் முட்டைக்கு ஏங்கும் பிள்ளையும்

"படிப்பு ஏறாது!"

தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி நூறாண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வரும் சொற்கள் இவை. பங்களா முற்றத்தில் நின்று துரைமார் சொன்னார்கள். மேசைக்குப் பின்னாலிருந்து உத்தியோகத்தர் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போன நம்மவருங்கூட லயத்து வாசலில் அமர்ந்து அதையே சொல்லத் தலைப்பட்டார்கள். ஒரு சமூகத்தின் மீது பிறர் சுமத்திய பழி, அச்சமூகத்தின் வாயிலேயே பழமொழியாகிவிடுமாயின், அதனினும் கொடிய அடிமைத்தனம் வேறு யாது?

இன்று வேறொரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. அக்கூட்டம் "ஏறாது" என்று சொல்லவில்லை. "காசைக் கொடு, ஏற்றிவிடுகிறேன்" என்கிறது. ஞாபகசக்தியைப் பெருக்குமாம் ஒரு குளிகை. மூளையைத் தீட்டுமாம் ஒரு கைத்தொலைபேசி விளையாட்டு. நெற்றியில் பட்டைபோல் அணிந்தால் மூளையின் மின்னலைகளை அளந்து கவனத்தைக் கூட்டுமாம் ஒரு கருவி. மணிச்சட்டத்தைக் கொண்டு மேதைகளை உருவாக்குமாம் ஒரு வகுப்பு. உலகெங்கும் விரிந்துள்ள இந்த மூளைப் பயிற்சி வாணிபத்தின் கை மலைநாட்டையும் எட்டிவிட்டது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நுண்ணறிவு வினாக்கள் பெற்றோர் நெஞ்சில் மூட்டிய அச்சமே அதற்கு முதலீடு.

பழி சொன்னவரும் சரக்கு விற்பவரும் எதிரெதிரானவர்களாகத் தோன்றலாம். உண்மையில் இருவரும் ஒரே பொய்யின் இரு பக்கங்கள். அறிவு குலத்தோடு வருவது என்றார் முன்னவர். கடையில் கிடைப்பது என்கிறார் பின்னவர். குலத்திலும் இல்லை, கடையிலும் இல்லை. தாயின் வயிற்றிலும், பிள்ளைக்காம்பராவிலும், பள்ளிக்கூடத்திலும் அறிவு உருவாகிறது என்பதே விஞ்ஞானம் கண்ட முடிவு. அந்த மூன்று இடங்களிலும் நம் பிள்ளைக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றியே இங்கு பேச வேண்டியிருக்கிறது.

பயிற்சி தருவது எதை?

2010ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏட்ரியன் ஓவன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 11,430 பேரைக் கொண்டு ஆறு வாரம் நடத்திய சோதனையின் முடிவு 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளைத் தவறாது ஆடியவர்கள் அந்த விளையாட்டுகளில் வல்லவரானார்கள். அதற்கப்பால், பயிற்றப்படாத வேறு அறிவுத் தேர்வுகளில் அவர்கள் அடைந்த பயன் ஏதுமில்லை. கிளித்தட்டு ஆடியவன் கிளித்தட்டில் வல்லவனாவான். அதனால் அவன் கணக்கில் வல்லவனாவான் என்பதற்கு ஆதாரம் எங்கே?

இந்தியாவின் வதோதரா நகரில் ஏறத்தாழ 200 பாடசாலைப் பிள்ளைகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, மணிச்சட்ட மனக்கணிதப் பயிற்சியை ஆராய்ந்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. பிள்ளைகள் கூட்டலிலும் பெருக்கலிலும் முன்னேறினார்கள்; அது மெய். ஆயின் பொதுவான அறிவாற்றலோ, நினைவாற்றலோ அதனால் உயரவில்லை. கணக்குக் கற்பிக்கும் கருவியாக மணிச்சட்டத்தை ஏற்கலாம். மேதையாக்கும் மந்திரக்கோல் என்று விற்பது மோசடி.

அத்தகைய விளம்பரத்துக்கு அமெரிக்காவில் விலையும் கொடுக்க நேர்ந்தது. லூமோசிட்டி என்னும் பெயரில் மூளை விளையாட்டு விற்ற நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம், பள்ளியிலும் தொழிலிலும் சிறக்கலாம் என்றெல்லாம் ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2016 சனவரியில் அந்நிறுவனம் 20 இலட்சம் டொலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. செல்வந்த நாட்டுப் பெற்றோரே ஏமாந்தார்கள் என்றால், கொழுந்துக் கூடையைச் சுமந்து சேர்த்த பணத்தை மாதக் கட்டணமாகக் கட்டும் தாயின் கதி என்ன?

விஞ்ஞானத்தின் மீது நமக்குப் பகையில்லை. 2024 சனவரியில் அமெரிக்காவில், தோளுக்குக் கீழே உடல் செயலிழந்த ஒருவரின் மூளையில் நுண்கருவி ஒன்றைப் பதித்தார்கள். நினைத்த மாத்திரத்தில் கணினித் திரையில் குறியை நகர்த்தினார் அவர். அது மனித அறிவின் வெற்றி, வணங்குகிறோம். ஆனால் அந்த வெற்றியின் ஒளியைக் கடன் வாங்கித் தன் போலிச் சரக்கை மினுக்கிக் காட்டும் வாணிபத்தை வணங்க மாட்டோம்.

மூளை வளரும் காலம்

பிள்ளை இரண்டு வயதை எட்டுவதற்குள் அதன் மூளை, வளர்ந்தவரின் மூளையளவில் முக்கால் பங்குக்கு மேல் எட்டிவிடுகிறது. கருவுற்ற நாள் தொடங்கி அந்த இரண்டு வயது வரையிலான ஏறத்தாழ ஆயிரம் நாட்களே அடித்தளம் இடும் காலம். அக்காலத்தில் இரும்புச் சத்துக் குறைந்தால் நரம்பிழைகளைச் சுற்றி அமையவேண்டிய உறை செவ்வையாக அமையாது; செய்தி கடத்தும் இரசாயனங்கள் குன்றும். பின்னர் ஐந்தாந் தரத்தில் எத்தனை வினாத்தாள் கட்டுகளை வாங்கிக் கொடுத்தாலும், அடித்தளத்தில் விடப்பட்ட குறையை முழுவதும் ஈடுசெய்தல் அரிது.

மலையகத்தின் நிலை என்ன? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறங்களில் நூற்றுக்கு 32 பேர். மூன்றில் ஒரு பிள்ளை! 2006–07இல் இத்தொகை நூற்றுக்கு 40 ஆக இருந்தது. அதிலிருந்து குறைந்தது என்பதை மறைக்கமாட்டோம். முயன்றால் குறையும் என்பதற்கு அதுவே சான்று. எனினும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் லயத்து அடுப்புகளில் எத்தனை வேளை உலை ஏறவில்லை என்பதை அந்த லயங்களில் வாழ்ந்தவர் அறிவர். 1973 முதல் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அரசு வழங்கிவந்த திரிபோஷா மாவுங்கூட அவ்வாண்டில் சோளம் இன்றித் தடைப்பட்டது.

உயரம் குன்றியது குலத்தின் குறையன்று, உணவின் குறை. இதை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். இல்லையேல் பழைய பழியை இந்தப் புள்ளிவிவரத்தைக் கொண்டே புதுப்பித்துவிடுவார்கள்.

கோப்பைக்குள் இருக்கும் முரண்

இங்கே ஒரு கொடிய முரண்பாட்டைக் காண்கிறோம். உலகம் விழித்திருக்கவும் சிந்திக்கவும் அருந்தும் பானம் எது? தேநீர். அதிலுள்ள கஃபீன் சோர்வை அகற்றுகிறது. 1949இல் சப்பானியர் தேயிலையில் கண்டறிந்த தியனின் என்னும் பொருளை இன்று குளிகையாக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தும் மருந்தென்று மேலைநாட்டுக் கடைகளில் விற்கிறார்கள். நம் தாய்மார் கிள்ளும் கொழுந்து அயலான் மூளைக்கு உரமாகிறது!

அதே தேயிலை கிள்ளியவள் பிள்ளைக்கு என்ன செய்கிறது? விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடும் தாய், கோதுமை மா ரொட்டித் துண்டொன்றைக் கொடுத்து, அதை நனைத்து உண்ணச் சாயத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் செல்கிறாள். தானியத்திலும் கீரையிலும் உள்ள சொற்ப இரும்பை உடல் ஏற்றுக்கொள்ளவொட்டாமல் தடுக்கும் தன்மை தேயிலைச் சாயத்திலுள்ள துவர்ப்புப் பொருளுக்கு உண்டு. உணவோடு சேர்த்து அருந்தினால், அந்த இரும்பில் உடல் ஏற்கும் அளவு பாதிக்கும் கீழே சென்றுவிடலாம். குறைந்த உணவு, அதிலும் குறைந்த இரும்பு, அதையும் பறிக்கும் சாயம்!

தாயைக் குறை கூறுவோமா? பாலுக்கு வழியற்றவள் சாயத்தைக் கொடுத்தாள். பாலுக்கு வழியில்லாமற் செய்தவர் யார் என்பதே கேள்வி. ஆயினும் அறிந்ததைச் சொல்லாதிருத்தல் பாவம். ஆகையால் சொல்கிறோம்: குழந்தைக்குச் சாயத் தண்ணீர் வேண்டா. கருவுற்ற பெண்ணும் வளரும் பிள்ளையும் உணவு வேளையில் தேநீரைத் தவிர்க்கட்டும். அருந்தத்தான் வேண்டுமெனில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு அருந்தட்டும். கீரை உண்ணும்போது தேசிக்காய்ச் சாறு சிறிது சேர்த்தால், அதிலுள்ள சத்து இரும்பை உடலில் ஏற்ற உதவும். மாதக் கட்டணம் இல்லாத மூளைப் பயிற்சி இது.

சட்டம் ஒன்று செய்ததையும் நினைவூட்ட விரும்புகிறோம். அயடீன் குறைபாடு, தடுக்கக்கூடிய மூளைக் குறைகளுக்கு உலகிலேயே தலையாய காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறிவந்தது. 1995இல் இலங்கை அரசு உணவு உப்பில் அயடீன் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. விளம்பரமில்லை, வகுப்பில்லை, கருவியில்லை. ஒரு சிட்டிகை உப்பு இலட்சக்கணக்கான பிள்ளைகளின் மூளையைக் காத்தது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பிள்ளைக்காம்பராவும் பள்ளிக்கூடமும்

உணவு மட்டும் போதுமா? போதாது என்கிறது ஜமேய்க்கா நாட்டு அனுபவம். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகவும் கூலிகளாகவும் உழைத்தவர்களின் வழிவந்த அந்நாட்டு மக்களின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1986–87இல் கிங்ஸ்ரன் நகரின் வறிய பகுதிகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தார்கள். சிலருக்குச் சத்துணவு தந்தார்கள். சிலரின் வீட்டுக்கு வாரந்தோறும் ஒரு சுகாதாரப் பணிப்பெண் சென்று, வீட்டிலேயே செய்த எளிய விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தையோடு பேசவும் ஆடவும் தாய்க்குக் கற்பித்தாள். இரண்டாண்டு இது நடந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, வெறும் சத்துணவின் பயன் நிலைக்கவில்லை; பேசியும் ஆடியும் வளர்க்கப்பட்டவர்களோ, அவ்வாய்ப்புப் பெறாதவர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 25 பங்கு கூடுதலாக ஊதியம் ஈட்டினார்கள்; வளர்ச்சி குன்றாத பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டார்கள். 'படிப்பு ஏறாது' என்னும் பழிக்கு இதனினும் சிறந்த மறுப்பு உண்டோ?

அந்தப் பணிக்கு உரிய இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தாய் மலையேறும்போது பிள்ளையை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராதான் அது. இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று அதற்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள், நல்ல பெயர். பெயருக்கேற்ற பணி எல்லாத் தோட்டங்களிலும் நடைபெற வேண்டாமா? பிள்ளைகளைக் காத்திருக்கும் ஆயாம்மாவுக்குத் தக்க பயிற்சியும் தக்க ஊதியமும் தந்து, கதை சொல்லவும் பாட்டுப் பாடவும் பேசவும் தமிழ்ப் புத்தகங்களையும் விளையாட்டுப் பொருள்களையும் தந்தால், காவற்கூடமாக இருக்கும் காம்பரா கலைக்கூடமாகும்.

அடுத்தது பள்ளிக்கூடம். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் இருவர் வெளியிட்ட முடிவு இது: கூடுதலாகக் கற்கும் ஒவ்வோராண்டும் மனிதனின் நுண்ணறிவு அளவை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகிறது. ஆம், மெய்யான மூளைப் பயிற்சிக் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் பாடசாலை!

அந்தக் கருவியை நம்மிடமிருந்து எவ்வளவு காலம் ஒளித்துவைத்தார்கள்! 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைக்கும் கல்வி தரவேண்டும் என்றது; ஓராசிரியர், ஓரறை, ஒரு கரும்பலகை என்பதே நடைமுறையாயிற்று. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளியோ தோட்டப் பள்ளியாகவே நின்றது. 1948இல் குடியுரிமையையே பறித்தார்கள். அரசு தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். ஒரு தலைமுறை பின்தங்கிப் பந்தயத்தில் இறக்கிவிடப்பட்டவனைப் பார்த்து "மெதுவாக ஓடுகிறான்" என்று நகைப்பது நீதியா?

"அப்படியிருந்தும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் லயத்திலிருந்து வந்தார்களே!" என்பார் சிலர். வந்தார்கள், பெருமை கொள்கிறோம். பாறையிடுக்கில் ஒரு செடி முளைத்தால், அது செடியின் வீரம், பாறையின் வளமன்று.

நாம் கேட்பது

நாம் கேட்பது வானத்து நிலவையன்று. கருவுற்ற ஒவ்வொரு தோட்டத்துப் பெண்ணுக்கும் இரத்தச் சோகைப் பரிசோதனையும் இரும்புச் சத்தும் தவறாது கிடைக்கட்டும். பிள்ளைக்காம்பராவில் நாளும் ஒரு முட்டை, ஒரு குவளை பால், பயிற்சி பெற்ற ஆயாம்மா ஒருவர். மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் கற்பிக்க நிலையான ஆசிரியர்கள். ஆதாரமின்றி மூளையை வளர்ப்போம் என்று விளம்பரம் செய்வோர் மீது பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கண் திரும்பட்டும்.

அரசை மட்டும் நோக்கிக் கைநீட்டி அமர்ந்திருக்கவும் வேண்டா. கற்று உயர்ந்த தமிழ்ப் பெருமக்களே! நீங்கள் ஏறிவந்த ஏணியின் கீழ்ப்படியில் இன்னும் ஒரு பிள்ளை நிற்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குத் தாருங்கள். நுவரெலியாவின் காய்கறி விவசாயிகளே! உங்கள் கரட்டும் லீக்சும் பீட்ரூட்டும் லொறியேறிக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் செல்கின்றன. அடுத்த மலையின் பிள்ளைக்காம்பராவுக்கு வாரம் ஒரு கூடை சென்றால் உங்கள் வரவு குறைந்துவிடாது. ஒரு தலைமுறையின் அறிவு வளரும். தொழிற்சங்கத் தலைவர்களே! சம்பளப் பேச்சு மேசையில் ரூபாயோடு முட்டையையும் பாலையும் வையுங்கள்.

தேயிலைச் செடிக்கு எந்த மாதத்தில் எந்த உரம் இடவேண்டும் என்பதைத் தோட்ட நிருவாகங்கள் கணக்கெழுதி வைத்திருக்கின்றன. அச்செடியை வளர்ப்பவள் பிள்ளைக்கு எந்த வயதில் எது வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கேடு திறக்கட்டும். அந்நாளில் "படிப்பு ஏறாது" என்ற சொல் மலைநாட்டில் கேட்க நாதியற்றுப்போகும்!