முனைவர் பட்டம்: பாதியில் நிற்கலாமா?

இட ஒதுக்கீடு, தொகுதி மறுவரையறை என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவற்றை முறையாக ஆய்வு செய்து, அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள்.

இளைஞர்களே! சேர்ந்துவிட்டால் பட்டம் தானாக வந்துவிடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளைப் படியுங்கள். முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். கிரீமிலேயரில் வராத பிற்படுத்தப்பட்டோருக்கு 5 விழுக்காடு சலுகை உண்டு. சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சேர்ந்த பின் ஆய்வு முறைகள், ஆய்வு நெறிகள் உள்ளிட்ட பாடங்களில் தேற வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழுவின் முன் ஆய்வின் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். பிறகு ஆய்வேடு, அது பிறர் எழுத்தைக் களவாடியதல்ல என்ற சோதனை, வெளித் தேர்வாளர்களின் மதிப்பீடு, வாய்மொழித் தேர்வு. இதற்குக் குறைந்தது 3 ஆண்டுகள். கெடு 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டுகள் கிடைக்கும்.

இத்தனை ஆண்டுகள் யார் தாங்குவது? சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மவுலானா ஆசாத் உதவித்தொகையையும் 2022இல் மத்திய அரசு நிறுத்திவிட்டது.

வணிகப் பெருமக்களே! கட்டடங்களுக்கு வாரி வழங்கும் நீங்கள், ஊருக்கு ஓர் ஆய்வு மாணவரைக் கடைசி நாள் வரை தாங்கக் கூடாதா? கல்லாவில் உட்கார ஆளில்லை என்று மகனைப் பாதியில் அழைக்காதீர்கள். நிக்காஹ் முடிந்தது என்று மகளின் ஆய்வை நிறுத்தாதீர்கள். மகப்பேறுக்கு 240 நாள் வரை விடுப்பும், பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுகளும் விதியிலேயே உண்டு.

பாதி ஆய்வேட்டுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராது. தொடங்கியவர்கள் முடித்துக் காட்டுங்கள்!