பட்டம் இருக்கிறது, பழகிய கை வேண்டும்!

வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி பழைய தயிரை விட்டு மூடி வைத்தால், மறுநாள் காலையில் பால் முழுவதும் தயிராகிவிடும்.

இதைச் செய்வது யார்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அரைத்து வைத்த இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இவை போன்ற நுண்ணுயிர்கள்தான்.

இப்படி உயிர்களைக் கொண்டு மனிதனுக்கு வேண்டிய பொருள்களைச் செய்யும் தொழிலுக்கு உயிரித் தொழில்நுட்பம் என்று பெயர். சுருக்கமாக "பயோடெக்" என்கிறார்கள். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியும், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு உயிர் கொடுக்கும் இன்சுலினும் இந்தத் தொழிலால் கிடைக்கின்றன.

இந்தத் தொழிலுக்கு ஆள் தயாரிக்க வேண்டும் என்று சர்க்கார் நெடுநாளாகப் பாடுபட்டு வருகிறது. 1986-ல் மத்திய சர்க்கார் இதற்கென்றே ஒரு தனித் துறை ஏற்படுத்தியது. மறு வருஷம் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கியது. பிறகு தனியார் கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு பரவியது. சென்னையின் மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் இதைச் சொல்லிக் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் எத்தனையோ குடும்பங்கள் கடன் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன. பெண் பட்டம் வாங்கி வருகிறாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கம்பெனிக்குப் போனால் முதல் கேள்வி, "அனுபவம் உண்டா?" என்பதுதான்.

அனுபவம் இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லாமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

புத்தகம் போதாது

கம்பெனிக்காரர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

தடுப்பூசி செய்யும் இடத்தில் பாத்திரத்தை வெறுமே கழுவினால் போதாது. பிரஷர் குக்கர் போன்ற ஒரு பெரிய கருவியில் வைத்து, 121 டிகிரி சூட்டில் 15 நிமிடம் நீராவியில் வேக வைக்க வேண்டும். ஒரு கெட்ட கிருமி தப்பினாலும், தயாரித்த மருந்து முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

செய்த வேலையை அப்போதைக்கப்போது எழுதி, கையெழுத்தும் போட வேண்டும். "எழுதாத வேலை, செய்யாத வேலை" என்பது இந்தத் தொழிலின் சட்டம்.

இந்தப் பழக்கமெல்லாம் பரீட்சைக்குப் படிப்பதால் வராது. தினமும் செய்து செய்துதான் கைக்கு வரும்.

விதி தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கிண்டியே சாட்சி. பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியைத் தயாரிக்கும் நிலையம் அங்கே 1948-ல் ஏற்பட்டது. 2008 ஜனவரியில் மத்திய சர்க்கார் அதன் உரிமத்தை நிறுத்தி வைத்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கும் அதே கதி. கட்டிடமும் வேலை முறைகளும் "நல்ல உற்பத்தி முறை" விதிகளின்படி இல்லை என்பது காரணம். 2010-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

பேர் பெற்ற நிலையங்களுக்கே இந்தக் கண்டிப்பு என்றால், புதிதாக வருகிறவர்கள் எவ்வளவு பழகியிருக்க வேண்டும்!

ஆவடி காட்டிய வழி

கையைப் பழக்குவது எப்படி என்று மேற்குச் சென்னைக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-ல் அங்கிருந்து முதல் "விஜயந்தா" டாங்கி வெளிவந்தது. அந்த 1960-களில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது.

அதே 1961-ல் தொழில் பழகுநர் சட்டமும் வந்தது. அப்ரண்டிசாகச் சேர்ந்த இளைஞர்கள் உதவித் தொகை வாங்கிக்கொண்டே இயந்திரத்தின் பக்கத்தில் நின்று தொழில் கற்றார்கள். பயிற்சி முடிந்தபோது கையில் சான்றிதழும் இருந்தது, தொழிலும் இருந்தது.

பயோடெக்குக்கும் இந்த வழிதான் ஏற்றது.

சட்டம் இருக்கிறது

சர்க்கார் இந்த வழியை அறியாமல் இல்லை. பட்டதாரிகளை ஆறு மாதம் கம்பெனிக்கு அனுப்பிப் பழக்கும் ஒரு திட்டத்தை மத்திய சர்க்கார் 1993-ல் தொடங்கியது. கர்நாடகத்தில் இதற்கென்றே ஒரு வருஷப் பயிற்சி ஏற்படுத்தி, அதில் பாதிக் காலத்தைக் கம்பெனியில் கழிக்க வைத்தார்கள். தமிழக சர்க்கார் 2022-ல் "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கி, மாணவர்களுக்குத் தொழில் திறமை ஊட்ட முன்வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய அப்ரண்டிஸ் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. என்ஜினீயரிங் படிக்காத பட்டதாரிகளும் இப்போது அப்ரண்டிசாகச் சேரலாம். பட்டதாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச உதவித் தொகையில் பாதியை மத்திய சர்க்கார் ஏற்றுக்கொள்கிறது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிசுகளை எடுத்தே தீர வேண்டும். இதைக் கவனிக்கும் தென் மண்டல வாரியம் தரமணியில்தான் இருக்கிறது.

ஆகவே, புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டம் பயோடெக் படித்தவர்களின் வாசலுக்கும் வர வேண்டும்.

செய்ய வேண்டியவை

கடைசி வருஷ மாணவர் ஒவ்வொருவரும் ஆறு மாதமாவது உதவித் தொகையுடன் தொழிற்சாலையில் பழக வேண்டும். இதைக் கல்லூரிகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.

எல்லோரையும் மருந்துக் கம்பெனிக்கே அனுப்ப வேண்டும் என்பதில்லை. அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணை இருக்கிறது. பாலில் நுண்ணுயிர் சோதனை செய்வதும் இந்தப் படிப்பைச் சேர்ந்த வேலையே.

"புதுப் பையன்கள் விலை உயர்ந்த கருவியைக் கெடுத்துவிடுவார்களே!" என்று கம்பெனிகள் பயப்படலாம். அதற்காகச் சர்க்கார் அம்பத்தூரில் ஒரு பொதுப் பயிற்சிக் கூடம் வைக்க வேண்டும். தவறு செய்து கற்க வேண்டியவர்கள் அங்கே கற்கட்டும். கற்ற பிறகு கம்பெனிக்குப் போகட்டும்.

பட்டதாரிகள் மட்டும் போதாது. கருவியைக் கழுவி, சூடாக்கி, கணக்கு எழுதும் உதவியாளர்களும் வேண்டும். அம்பத்தூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டரும் டர்னரும் பயில்வதுபோல, பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகள் இந்த வேலையையும் பயில வழி செய்ய வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பணம் கட்டுமுன் கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கம்பெனியில் பயிற்சி? எத்தனை மாதம்? போன வருஷம் எத்தனை பேருக்கு இந்தத் தொழிலில் வேலை கிடைத்தது? பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியில் பணம் கட்டத் தயங்குவதே புத்திசாலித்தனம்.

டாங்கி செய்யக் கற்ற ஊர் இது. தடுப்பூசி செய்யவும் கற்கும். கற்றுக்கொள்ள இடம் கொடுப்பது சர்க்காரின் கடமை.