10 வருட ஒப்பந்தம், 40 வயது நட்சத்திரம்: பேஸ்பால் அணிகள் தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகின்றனவா?

2011 அக்டோபர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன் பட்டத் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றது. அந்தத் தொடரின் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் விளாசியவர் ஆல்பர்ட் புஹோல்ஸ். ஆறே வாரத்தில் அவர் ஏஞ்சல்ஸ் அணிக்குத் தாவினார். 10 வருடம், 24 கோடி டாலர். அப்போது அவருக்கு வயது 31.

அப்புறம் நடந்ததுதான் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை. புஹோல்ஸ் இருந்த காலத்தில் ஏஞ்சல்ஸ் பிளே-ஆஃப் போனது ஒரே ஒரு தடவை, 2014-ல். அதிலும் கான்சாஸ் சிட்டியிடம் 0-3 எனத் தோல்வி. 2021 மே மாதம், ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கும்போதே அவரைக் கழற்றிவிட்டார்கள்.

கார்டினல்ஸ் பக்கம் என்ன ஆச்சு? நட்சத்திரத்தை இழந்ததற்கு ஈடாக, இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்ட்டில் ஏஞ்சல்ஸின் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைத்தது. அதில் எடுத்த மைக்கேல் வாக்கா என்ற பிட்சர், 2013 நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆனார். கார்டினல்ஸ் மறுபடியும் வேர்ல்ட் சீரிஸுக்குள் போனது. (அங்கே பாஸ்டனிடம் தோற்றது தனிக்கதை.)

‘வயசான ஸ்டாருக்குப் பணத்தைக் கொட்டினா இதுதான் கதி’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான்.

வயசான பிறகுதான் சம்பளமே

பேஸ்பாலில் ஒரு வீரர் விரும்பிய அணியோடு பேரம் பேச, மேஜர் லீக்கில் ஆறு வருடம் ஆடியிருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்ச சம்பளம்தான். அடுத்த மூன்றில் கொஞ்சம் ஏறும், ஆனாலும் சந்தை விலை கிடைக்காது. 2001-ல் அறிமுகமாகி, சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கிய புஹோல்ஸின் அந்த வருடச் சம்பளம் 2 லட்சம் டாலர். ஆக, உடம்பு உச்சத்தில் இருக்கும்போது கைக்கு வருவது குறைவு. சந்தைக்கு வரும்போது பலருக்கும் 30-ஐ நெருங்கிவிடுகிறது. ‘கிழட்டுச் சம்பளம்’ என்று கிண்டலடிக்கும்போது இதை மறந்துவிடக்கூடாது.

இன்னொரு பக்கம் வரிக் கணக்கு. மேஜர் லீக்கில் அணிச் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரு அளவைத் தாண்டினால் அபராத வரி உண்டு. அந்த வரி, மொத்தத் தொகையை ஒப்பந்த வருடங்களால் வகுத்து வரும் சராசரியில் கணக்கிடப்படுகிறது. வருடத்தை நீட்டினால் சராசரி இறங்கும், அவ்வளவுதான் சூத்திரம். 2022 டிசம்பரில் சான் டியாகோ பாட்ரேஸ் 30 வயது சாண்டர் போகார்ட்ஸுக்கு 11 வருடத்துக்கு 28 கோடி டாலர் கொடுத்தது. கணக்கில் வருடத்துக்குச் சுமார் 2.5 கோடி. இதையே 7 வருடத்தில் முடித்திருந்தால் 4 கோடி. அவர் 40 வயதில் ஷார்ட்ஸ்டாப்பில் பாய்ந்து பந்து பிடிப்பார் என்று அங்கே யாரும் நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்க வாய்ப்பில்லை. கடைசி வருடங்கள் ஒரு வகை இஎம்ஐ. பொருளை முன்னாடி அனுபவிக்கிறார்கள், தவணையைப் பின்னாடி கட்டுகிறார்கள்.

சரி, அந்தப் பொருள் கிடைக்கிறதா? அலெக்ஸ் ரோட்ரிகஸ் 32 வயதில் யாங்கீஸுடன் 10 வருடம், 27.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சீசனிலேயே, 2009-ல், கோப்பை வந்தது. பிளே-ஆஃபில் அவர் அடித்தது 6 ஹோம் ரன். அப்புறம் காயங்கள், ஊக்கமருந்து விவகாரத்தில் 2014 சீசன் முழுக்கத் தடை என்று ஒரே தலைவலி. மேக்ஸ் ஷெர்ஸர் 30 வயதில் வாஷிங்டனுக்கு வந்தார், ஐந்தாவது வருடம் கோப்பை. ஃப்ரெடி ஃப்ரீமேன் 32 வயதில் டாட்ஜர்ஸுக்கு வந்தார், மூன்றாவது வருடம், 2024-ல், கணுக்கால் காயத்தோடு வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர். இந்த மூன்று இடங்களிலும் ஒப்பந்தத்தின் கடைசி வருடங்களுக்கு முன்பே கோப்பை வந்திருக்கிறது.

மோசமான வகை என்று ஒன்று உண்டென்றால், கோப்பை வந்த பிறகு நன்றிக்கடனாகப் போடும் ஒப்பந்தம். 2019 வேர்ல்ட் சீரிஸ் சிறந்த வீரர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வாஷிங்டன் அதே டிசம்பரில் 7 வருடம், 24.5 கோடி கொடுத்தது. அதன்பின் அவர் ஆடியது வெறும் 8 ஆட்டம்.

தப்பு ஒப்பந்தத்திலா, அதற்குப் பிறகா?

டெட்ராய்ட் டைகர்ஸின் மிகெல் கப்ரேரா 2023-ல் ஓய்வு பெற்றார். 2014-க்குப் பிறகு பிளே-ஆஃபையே பார்க்காத அணி, 2024-ல் உள்ளே நுழைந்தது. உடனே ‘பார்த்தீங்களா!’ என்றார்கள். ஆனால் அதே டெட்ராய்ட் நீண்ட ஒப்பந்தம் போட்ட இன்னொருவர் ஜஸ்டின் வெர்லாண்டர். 2017-ல், 34 வயதில், சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே கட்டுவதாகச் சொல்லி அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. அந்த வருடமே ஹூஸ்டன் சாம்பியன். டெட்ராய்ட்டுக்கு மட்டும் ஏன் கோப்பை வரவில்லை? அவரைச் சுற்றி ஒழுங்கான அணி இல்லை, அதுதான் பதில்.

புஹோல்ஸ் கதைக்கும் ஒரு பின்னுரை உண்டு, அதுதான் சுவாரஸ்யம். ஏஞ்சல்ஸ் கழற்றிவிட்ட பிறகு டாட்ஜர்ஸ் அவரைத் தினமும் ஆடவைக்கவில்லை. இடதுகைப் பிட்சர்கள் வரும்போது அதிகமாக இறக்கியது. 2022-ல் 25 லட்சம் டாலருக்கு, ஒரே வருட ஒப்பந்தத்தில், பழைய வீடான கார்டினல்ஸுக்குத் திரும்பினார். 42 வயதில் 24 ஹோம் ரன். 700-ஐத் தாண்டி 703-ல் முடித்தார். அதே மனிதர், அதே முழங்கால். கொடுத்த வேலைதான் வேறு. ‘இவ்வளவு சம்பளம் கொடுக்கிறோம், உட்கார வைக்க முடியுமா’ என்ற தயக்கம் ஏஞ்சல்ஸுக்குப் பல சீசன்களைச் சாப்பிட்டிருக்கிறது. கட்டியே ஆகவேண்டிய பணம், அவர் ஆடினாலும் அதே பணம்தான்.

வீரர்கள் சங்கத்துக்கும் அணிகளுக்குமான தற்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. சம்பள உச்சவரம்பு வேண்டும் என்ற குரல் உரிமையாளர்கள் தரப்பில் கேட்கத் தொடங்கிவிட்டது. அந்த மேஜையில் புஹோல்ஸ், ஸ்ட்ராஸ்பர்க் பெயர்கள் நிச்சயம் உதாரணமாக வரும். அந்த 2 லட்சம் டாலர் சம்பளமும் சேர்ந்து வந்தால்தான் நியாயம்.

இதற்கிடையே மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோவுக்கு 15 வருடம், 76.5 கோடி டாலர் என்று எழுதிக்கொடுத்திருக்கிறது. கையெழுத்துப் போடும்போது வயது 26. கடைசி சீசன் 2039, அப்போது 40. முதல் வருடமான 2025-ல் மெட்ஸ் பிளே-ஆஃபுக்கே தகுதி பெறவில்லை. முன்பாதியில் ஒரு வருடம் போச்சு.