கருவியைப் பரீட்சிக்கும் காலம்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் மானாவாரியாகவே பயிராகின்றன. கரிசல் பூமி நனைந்தால் கருவியில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் இறுகி வெடிக்கும். ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணின் இயல்போ வேறு. ஓரிடத்தில் ஒருநாள் ஓடிய களைக்கருவி எங்கும் எக்காலத்தும் ஓடுமென்று கொள்ளலாகாது.

புதுக் கருவி செய்வோர் வர்ணம் பூசி முடித்த பின்னரே குடியானவரின் அபிப்பிராயத்தைக் கேட்பதுண்டு. அது காலந்தாழ்ந்த பரீட்சையாகும். இரும்பில் வார்த்தபின் பிடியின் உயரத்தை மாற்றப் பொருட்செலவு மிகும். மர மாதிரியாக இருக்கையில் தச்சர் எளிதில் மாற்றிவிடுவார். களையெடுப்போர் பெரும்பாலும் பெண்மக்கள். ஆடவர் உயரத்திற்கு அமைந்த பிடி அவர்கள் தோளையும் இடுப்பையும் வருத்தும். அத்தகைய கருவி கொட்டகையில் துருப்பிடிக்க, வாங்கிய கடனே மிஞ்சும்.

ஆதலின் பரீட்சை 3 முறை நிகழவேண்டும். வரைபடத்திற்கு முன் கைவேலையைக் கவனித்தல் வேண்டும். பின் மர மாதிரியை ஐந்தாறு பேரிடம் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். விற்பனைக்கு முன் புரட்டாசி முதல் தை வரை வயலில் ஓட்டுதல் வேண்டும். காலதாமதமாகுமென்று சிலர் ஆட்சேபிக்கலாம். முதலிரண்டிற்கும் சில நாட்களே செல்லும்; மூன்றாவதை விட்டால் அந்நஷ்டம் குடியானவர் தலையில் விழும்.

வாலிகண்டபுரம், சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையங்கள் இதற்கு ஏற்ற இடங்களாம். செய்தவர் அருகிருந்து விளக்காமல், உழைப்பவர் கை தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுதல் நலம்.