அப்பாவுக்கு டிரான்ஸ்பர்... காலேஜ் படிக்கும் பிள்ளைக்கு? வேறு மாநில அரசுப் பல்கலைக்கு மாறும் முன் கவனிக்க வேண்டியவை

தாம்பரம் விமானப்படை தளம், மீனம்பாக்கம் விமான நிலையம், பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி, ரயில்வே... சென்னையின் தென் புறநகரில் மத்திய அரசு வேலையில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். இந்த வீடுகளில் டிரான்ஸ்பர் புதிய விஷயம் இல்லை. ஆர்டர் கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, "பசங்க படிப்பு என்ன ஆகும்?" என்பதுதான்.

பள்ளிப் பிள்ளை என்றால் பெரிய கவலை இல்லை. தாம்பரம் கேந்திரிய வித்யாலயாவில் டிசி வாங்கி, புது ஊர் கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்துவிடலாம். அந்தப் பள்ளிகள் தொடங்கப்பட்டதே இடமாறுதலுக்கு உள்ளாகும் ஊழியர்களின் பிள்ளைகளுக்காகத்தான். ஆனால், முதலாம் ஆண்டு பி.காம் அல்லது பி.எஸ்சி முடித்த பிள்ளை? சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கல்லூரிப் படிப்பை நடுவில் வேறு மாநிலத்துக்கு மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது. மூன்று விஷயங்கள் ஒன்றாக அமைய வேண்டும். புது இடத்தில் இரண்டாம் ஆண்டில் காலி இடம் இருக்க வேண்டும். நீங்கள் படித்த பாடங்கள் அங்குள்ள பாடத்திட்டத்தோடு பொருந்த வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் அதை எழுத்துபூர்வமாக ஏற்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஒரு வருஷம் போச்சு.

எனவே தரவரிசைப் பட்டியலைப் பார்த்து "எது நல்ல யூனிவர்சிட்டி?" என்று தேடுவது இரண்டாவது வேலை. "நான் முடித்த செமஸ்டர்களை யார் ஏற்பார்கள்?" என்று கேட்பதுதான் முதல் வேலை.

கிரெடிட் வங்கி இருக்கிறதே, அது போதாதா?

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, 2021 ஜூலையில் கல்விக் கிரெடிட் வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. மாணவர் தேர்ச்சி பெறும் ஒவ்வொரு பாடத்துக்குமான கிரெடிட்டும் அவரது கணக்கில் சேரும். டிஜிலாக்கர் வழியாக அதைப் பார்க்கலாம். கிரெடிட்டுகள் அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை செல்லும்.

பெயரில் வங்கி என்று இருப்பதால் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கணக்கில் இருக்கும் பணத்தை எந்த ஏடிஎம்மிலும் எடுக்கலாம். கிரெடிட் அப்படி இல்லை. கணக்கில் 40 கிரெடிட் இருப்பதாலேயே இன்னொரு பல்கலைக்கழகம் சீட் தந்துவிடாது. எத்தனை கிரெடிட்டை ஏற்பது என்பது சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் முடிவு.

இன்னொன்று: கிரெடிட்டை நீங்களாகப் பதிவேற்ற முடியாது. கல்லூரி அல்லது பல்கலைக்கழகம்தான் பதிவேற்ற வேண்டும். உங்கள் கணக்கில் எல்லா செமஸ்டரும் ஏறியிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். அரியர் இருந்தால், அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

140, 133, 120: ஒரே டிகிரி, மூன்று கணக்கு

தமிழ்நாட்டில் மூன்றாண்டு கலை, அறிவியல் பட்டத்துக்கு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டப்படி 140 கிரெடிட். யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பில் மூன்றாண்டுக்கு 120, நான்காண்டுக்கு 160. கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய புதிய முறையில் மூன்றாண்டுக்கு 133, நான்காண்டுக்கு 177. கர்நாடகம் நான்காண்டு முறையைத் தொடங்கிவிட்டு, 2024-25 கல்வியாண்டு முதல் மூன்றாண்டுப் பட்டத்துக்கே திரும்பிவிட்டது.

எண்ணிக்கை மட்டுமல்ல, உள்ளே இருப்பதும் வேறு. தாம்பரம் எம்.சி.சி.யிலோ, குரோம்பேட்டை எஸ்.டி.என்.பி. வைணவக் கல்லூரியிலோ படிப்பவருக்கு இது பழகிய விஷயம்: பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முக்கியப் பாடம். ஆரம்ப செமஸ்டர்களில் மொழிப் பாடங்களுக்கே கணிசமான கிரெடிட் போய்விடும். வேறு மாநிலத்தில் அந்த இடத்தில் முக்கியப் பாடத்தின் இன்னொரு தாள் இருந்திருக்கலாம். அப்போது, விட்டுப்போன தாளைத் தனியாக எழுதச் சொல்வார்கள். இரண்டாம் ஆண்டுப் பாடத்தோடு முதலாம் ஆண்டின் மூன்று, நான்கு தாள்களும் சேர்ந்தால் சுமை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த வருஷத்தில் மாறலாம்?

கிரெடிட் வங்கி விதிகளில் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது 50 சதவீத கிரெடிட்டுகளைப் பெற்றிருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 60 கிரெடிட் புது இடத்தில் எடுக்க வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 40 கிரெடிட். ஆக, இரண்டு ஆண்டுகளை இங்கே முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்கு மட்டும் அங்கே போனால் கணக்கு இடிக்கும்.

அதனால், முதலாம் ஆண்டு முடித்தவர் மாற முயற்சி செய்யலாம். இரண்டு ஆண்டுகள் முடித்தவர், முடிந்தவரை ஹாஸ்டலிலோ உறவினர் வீட்டிலோ தங்கி இங்கேயே பட்டத்தை முடிப்பதுதான் புத்திசாலித்தனம். பிறகு முதுகலைக்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுதி, பெற்றோர் இருக்கும் ஊருக்கே போகலாம். அதில் கிரெடிட் பொருத்தம் என்ற தலைவலியே இல்லை.

சாதிச் சான்றிதழ் அங்கே செல்லுமா?

பலர் கடைசி நேரத்தில் அதிர்ச்சி அடையும் இடம் இது. தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் உள்ள பிசி, எம்பிசி பட்டியல்கள் தமிழ்நாட்டுக்கு மட்டுமே. இன்னொரு மாநில அரசின் பல்கலைக்கழகத்தில் நீங்கள் பொதுவாக ஓபன் பிரிவில்தான் வருவீர்கள்.

எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் இதே நிலைதான். இதற்கு 1990-ல் வந்த உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பே அடிப்படை. ஆந்திராவில் எஸ்டி பட்டியலில் உள்ள சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், மத்திய அரசு நிறுவன வேலைக்காக மும்பைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வளர்ந்த அவரது மகன் மருத்துவக் கல்லூரியில் எஸ்டி இடம் கேட்டார். ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பதை வைத்து இன்னொரு மாநிலத்தில் சலுகை கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அப்பாவின் வேலைக்காக ஊர் மாறிய பிள்ளையின் வழக்கு அது என்பதைக் கவனியுங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. எஸ்சிக்கு 15, எஸ்டிக்கு 7.5, ஓபிசிக்கு 27 சதவீதம் என நாடு முழுவதும் ஒரே ஒதுக்கீடு. ஆனால் ஓபிசிக்கு மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும், க்ரீமி லேயர் விதியும் உண்டு. தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி ஒதுக்கீட்டில் அந்த விதி கிடையாது. ஆகவே வழக்கமான சாதிச் சான்றிதழ் போதாது. ஓபிசி நான்-க்ரீமி லேயர் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் தாலுகாக்களில் இருப்பவர்கள் ஊரைக் காலி செய்யும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுபவர்கள், வெளிமாநிலம் போனால் அது தொடருமா என்பதையும் கல்லூரியில் கேட்டுவிடுங்கள்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

புது ஊரின் மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரிகள்: இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வாய்ப்புள்ள வழி இதுதான். காலி இடமும் பாடப் பொருத்தமும் முக்கியம்.

மத்தியப் பல்கலைக்கழகங்கள்: புதுச்சேரி, ஹைதராபாத் போன்ற இடங்களில் கட்டணம் குறைவு, பெயரும் உண்டு. ஆனால் இளநிலை க்யூட் தேர்வு முதலாம் ஆண்டுச் சேர்க்கைக்கானது. ஒரு வருஷத்தை இழந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தயாரா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

இக்னோ: நாடு முழுவதும் இயங்கும் மத்திய அரசுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். படிப்பின் நடுவிலேயே மண்டல மையத்தை மாற்றிக்கொள்ளலாம். அப்பாவுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் வரும் என்றால், இதை ஏளனமாக ஒதுக்கிவிட வேண்டாம்.

டிசி வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. முடித்த செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியலோடு, முழுப் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையுடன் வாங்குங்கள். பாடப் பெயரை மட்டும் பார்த்து யாரும் பொருத்தம் சொல்ல மாட்டார்கள்.

2. புதுப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதி மூன்றே கேள்வி கேளுங்கள்: இடம் இருக்கிறதா, எத்தனை கிரெடிட்டை ஏற்பீர்கள், எந்தெந்தத் தாள்களைக் கூடுதலாக எழுத வேண்டும்?

3. பதில் எழுத்தில் வரட்டும். "வாங்க, பாத்துக்கலாம்" என்று போனில் சொல்வது பதில் இல்லை.

4. அதற்குப் பிறகே கல்லூரியில் டிசி, பல்கலைக்கழகத்தில் மைக்ரேஷன் சான்றிதழ் ஆகியவற்றுக்கு விண்ணப்பியுங்கள்.

இந்த வரிசை மாறினால்தான் ஆபத்து. டிசி வாங்கிவிட்டால் இங்குள்ள இடம் போய்விடும். அங்கே கதவு திறக்காவிட்டால் பிள்ளை வீட்டில் உட்கார வேண்டியதுதான். குடும்பம் முதலில் போகட்டும், வீட்டுச் சாமான் லாரியில் ஏறட்டும். கையில் அந்தக் கடிதம் வரும்வரை கல்லூரி இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.