பீரோ மேல் கிடக்கும் வீடுகள்

போட்டி முடிந்த மறுநாள் மாணவர்களின் வரைபடங்கள் எங்கே போகின்றன என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஆசிரியர் அறை பீரோவின் மேல் வைப்போம். இடம் போதாமல் போனால் பழைய பேப்பர்காரரிடம் போகும். தட்பவெப்பத்துக்கு ஏற்ற வீடு, நம் வாழ்முறையில் வேரூன்றிய வீடு என்ற தலைப்புகளில் பதினைந்து ஆண்டுகளாக மாணவர் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வருகிறேன். பரிசு பெற்றதில் ஒரு வீடுகூடக் கட்டப்படவில்லை. கட்டப்பட வேண்டும் என்று நாங்களும் நினைக்கவில்லை. கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. என் பங்கு சிறியதல்ல.

ஒரு மாணவியை மறக்க முடியவில்லை. மெட்ராஸ் டெரஸ் என்கிற கட்டைக்குத்துத் தளத்தை வெட்டுத்தோற்றமாக வரைந்திருந்தாள். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்குவது. கடைசியில் தட்டோடு பதிப்பது. ஒவ்வோர் அடுக்கும் துல்லியம். முதல் பரிசு கொடுத்தோம். கைதட்டல் அடங்கியதும் கிட்டே வந்து கேட்டாள்: “சார், சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறணும்?”

நடுவர்கள் மூன்று பேர் இருந்தோம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் யாரும் ஒரு கூடைச் சுண்ணாம்பைக்கூடக் கையால் நீற்றியதில்லை. அதே ஊரில் கோயில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அங்கே சாரத்தில் நின்றிருந்தார்கள். அவர்களிடம் அவளை அழைத்துப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் இதுதான் என்னை உறுத்துகிறது.

கட்டடக்கலைஞர் லாரி பேக்கரை வகுப்பில் சொல்லாத ஆசிரியர் கிடையாது. கட்டடக்கலை மாணவர்களின் தேசியச் சங்கமான நாசா அவர் பெயரில் கோப்பையே வைத்திருக்கிறது. செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு அவர் கட்டிய எலிப்பொறிக் கட்டுச் சுவரில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். தேர்வில் இதைக் கேட்டு ஐந்து மதிப்பெண் கொடுத்தோம். கல்லூரி வளாகத்தில் இடுப்பளவு சுவர் ஒன்று கட்டிப் பார்க்கச் சொன்னோமா? பேக்கர் கட்டுமான இடத்திலேயே நின்று, கொத்தனாரோடு பேசிப் பேசி வீட்டை உருவாக்கியவர். அவர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பண்பாடு என்ற சொல்லையும் நாங்கள் நேர்மையாகக் கையாளவில்லை. மாணவர்களை எங்கே அழைத்துப்போனோம்? செட்டிநாட்டுக்கும் அக்ரகாரத்துக்கும். முற்றம், திண்ணை, பர்மாத் தேக்குத் தூண் என்று குறிப்பெடுக்க வைத்தோம். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவோடு போக வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டோம். மீனவர் குப்பத்துப் பனையோலைக் குடிசையும் சேரியின் மண்சுவரும் வெயிலையும் புயலையும் எப்படிச் சமாளித்தன என்று அளந்து வரச் சொல்லவில்லை. வறியவரின் வீட்டில் கற்க ஏதுமில்லை என்று நாங்கள் வாயால் சொன்னதில்லை. நடந்துகொண்டதன் பொருள் அதுதான்.

குடிசைவாசி கான்கிரீட் தளம் கேட்டதில் தவறே இல்லை. கூரை எரிந்ததையும் ஒழுகியதையும் அவர் பார்த்திருக்கிறார். தளம் போட்ட வீடு ஊரில் மரியாதை. ஆனால் பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தத் தளம் இரவெல்லாம் கீழே இறக்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கட்டிலை வாசலில் போட்டுத்தான் படுக்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது எங்கள் படிப்பின் வேலை.

குடிசைவாசிகளுக்கான தமிழ்நாட்டு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-இல் வந்தது. 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். மீதி 60 சதுர அடிக்கு வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். அந்த 60 சதுர அடி, தென்னகத்து வெயிலில் ஒரு தாழ்வாரம், ஒரு திண்ணை, நாட்டு ஓட்டின் கீழ் ஒரு நிழல். பீரோ மேல் கிடந்த சுருள்களில் அதற்கு எத்தனையோ வழிகள் இருந்தன. ஒரேயொரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு நாங்கள் யாரும் போகவில்லை.

அடுத்த போட்டிக்கான அறிவிப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. சக ஆசிரியர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். நடுவர் வரிசையில் ஒரு கொத்தனாருக்கும், அந்தத் திட்ட வீடு ஒன்றில் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்கும் நாற்காலி போடுங்கள். கோப்பைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு தாழ்வாரமாவது கட்டுங்கள். பீரோ மேல் இருப்பவற்றை இந்த வாரமே இறக்குங்கள். கோடைக்கு முன் அவை கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.