ஆளுதலும் ஆளாக்குதலும்

மனித வள நிர்வாகம், மனித வள மேம்பாடு என்னும் இரு தொடர்களும் இந்நாளில் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகின்றன. இரண்டும் ஒன்றே என எண்ணுவோர் பலர். அவ்வாறு எண்ணுவதால் நட்டமடைவது சங்கமேயாகும்.

வேலைக்குத் தக்க ஆளைத் தேர்ந்தெடுத்தல், கூலியைக் குறித்த நாளில் கொடுத்தல், விடுமுறை, வைப்பு நிதி, முறையீடு ஆகியவற்றை ஒழுங்காகக் கவனித்தல் நிர்வாகம். வந்த ஆளை வந்தபடியே விட்டுவிடாது, அவருடைய கைத்திறனையும் அறிவையும் பொறுப்பையும் வளர்த்தல் மேம்பாடு. முன்னது இன்றைய வேலையைக் காக்கிறது. பின்னது நாளைய வேலையைத் தேடித் தருகிறது. மேம்பாடு நிர்வாகத்தின் ஓர் உறுப்பே என்பாரும் உளர். உறுப்பாயினும் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். இதனை உணர்ந்தே லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம், உதய் பாரிக், டி. வி. ராவ் ஆகிய பேராசிரியர்களின் ஆலோசனைப்படி 1975இல் மேம்பாட்டுக்கெனத் தனிப் பிரிவு கண்டது.

ஒன்றிருந்து மற்றொன்று இல்லாவிடில் என்னாகும்? கல்மண்டபத்திற்கு மேற்கே, பெரம்பூர்ப் பகுதியில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இதற்குச் சான்று. தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அவ்வாலையார் பள்ளி நடத்தினர். ஆயினும் நண்பகல் உணவுக்கு இடைவேளை போதவில்லை. மேற்பார்வையாளரின் கடுமையும் பொறுக்க முடியவில்லை. விளைவு, 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1921இல் பல மாத வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது. நேர்மையான நிர்வாகம் இல்லாத இடத்தில் பள்ளிக்கூடம் மட்டும் மனக்குறையைத் தீர்க்கவில்லை.

நம் சங்கங்களிலோ குறை மறுபுறம் உள்ளது. கூலிப் பட்டியலில் பிழையிராது. நூலும் தடையின்றிக் கிடைக்கும். எனினும், இருபது ஆண்டுகள் ஒரே கரையை நெய்தவருக்குப் புதிய வடிவமும் நல்ல சாயமும் கற்பிப்பார் யார்? விளைபொருளை எடைபோடும் சிப்பந்திக்கு ஈரப்பதம் பார்க்கவும் தரம் பிரிக்கவும் பயிற்சி உண்டா? கற்பிப்பார் இல்லையேல் நெசவாளியின் மகன் தறியை விட்டு வேறு வேலைக்குச் செல்வான். அவனைக் குறை கூறிப் பயனில்லை.

தனியார் ஆலையில் தொழிலாளி வேறு, முதலாளி வேறு. நெசவாளர் சங்கத்திலோ தறியில் அமர்பவரே பங்குதாரர். அவரை வளர்ப்பது தருமமன்று. சங்கத்தின் சொத்தைப் பெருக்குவதாகும். 1844இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் கூட்டுறவுக் கடை தொடங்கிய முன்னோடிகள், பின்னர் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். ஏழைத் தொழிலாளரான அவர்களே கல்வியை வீண்செலவென எண்ணவில்லை.

ஆகவே அங்கத்தினர்களே, அடுத்த பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்பெறும்போது இரண்டு வினாக்களைக் கேளுங்கள். கூலி முறையாகக் கொடுக்கப்பட்டதா? இவ்வாண்டு எத்தனை பேர் புதிதாக ஒரு தொழில் நுணுக்கம் கற்றனர்? முதல் வினாவுக்குக் கணக்குப் புத்தகத்தில் விடை இருக்கும். இரண்டாவதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரை வற்புறுத்துவது நம் கடமை.